ஊர் மாறினால் நாம்தான் வேற்றாள்

பல்கேரியாவின் தலைநகரம் சோஃபியா. அங்கே பேருந்து நிலையத்தில் ஒரு வண்டியின் படியில் ஒற்றைக் காலை வைத்துக்கொண்டு நின்றேன். முன்கண்ணாடியில் எழுதியிருந்தது சிரிலிக் எழுத்து. எனக்குப் படிக்கத் தெரியாது. ஓட்டுநரிடம் "பிளோவ்டிவ்?" என்று ஊர்ப் பெயரை மட்டும் கேட்டேன். அவர் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். சரி, இந்த வண்டி இல்லை போலிருக்கிறது என்று இறங்கிக்கொண்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கதவு மூடியது. வண்டி பிளோவ்டிவுக்குப் போய்விட்டது.

அடுத்த வண்டியின் ஓட்டுநர் அதே கேள்விக்குத் தலையை ஒருமுறை மேலே வெட்டி நிமிர்த்தினார். நிம்மதியாக ஏறி உட்கார்ந்தேன். அவரே எழுந்து வந்து என்னை இறக்கிவிட்டார். பல்கேரியாவில் பக்கவாட்டில் ஆட்டினால் 'ஆமாம்', மேலே நிமிர்த்தினால் 'இல்லை'. இதைப் புறப்படுவதற்கு முன்பே படித்திருந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. தலைக்குத் தெரிந்திருந்தது, காலுக்குத் தெரியவில்லை. இதில் கூடுதல் வேடிக்கை ஒன்று உண்டு. எதிரே நிற்பவர் வெளிநாட்டவர் என்று தெரிந்ததும் சிலர் நமக்காகத் தங்கள் தலையாட்டலை மாற்றிக்கொள்வார்கள். அப்போது உள்ளூர் முறையைக் கற்றுவைத்திருப்பவர்தான் ஏமாறுவார்.

வெளிநாட்டுப் பயணத்தில் பண்பாட்டு வேறுபாடு என்றதும் உடை, நடனம், திருவிழா, கட்டடம் என்று ஒரு பட்டியல் மனதில் ஓடும். அவை கண்ணில் படுகிற வேறுபாடுகள். யாருக்கும் தொல்லையில்லை, படம் எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். இந்தக் கட்டுரை வேறு இரண்டு விஷயங்களைப் பற்றியது. ஒன்று, இயற்கை என்று நாம் நம்பியிருந்த ஏதோ ஒன்று வெறும் பழக்கம்தான் என்று தெரியவரும் நேரம். இன்னொன்று, அதுவரை பிறரை 'வேற்றாள்' என்று பார்த்துவந்த நாம், விமானம் தரையிறங்கிய அரை மணி நேரத்தில் நாமே வேற்றாள் ஆகிவிடுவது. பயணத்துக்குத் தயாராகிறவர்களிடம் இந்த இரண்டாவதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வை என்பார்கள், அதோடு சரி.

மூன்று சொற்கள்

தமிழில் 'இனம்' என்ற சொல் பாவம், ரொம்ப வேலை பார்க்கிறது. மனித இனம் என்கிறோம், பறவை இனம் என்கிறோம், மொழி பேசும் மக்களையும் இனம் என்கிறோம். 'எந்த இனத்தில் இந்தச் செலவு?' என்று கணக்கு எழுதுகிறவரும் கேட்கிறார். அதனால் முதலில் கொஞ்சம் பிரித்துவைத்துக்கொள்வது நல்லது.

பண்பாடு என்பது கற்றுக்கொண்டது. பேச்சு, மரியாதை, நேரம் பற்றிய எண்ணம், துக்கத்தில் எப்படி நடந்துகொள்வது, எதற்குச் சிரிக்கலாம் எதற்குக் கூடாது என்பதெல்லாம் வளர்ந்த இடத்தில் நமக்குள் இறங்கியவை. இனக்குழு என்பது, எங்களுக்கு ஒரே வரலாறு, ஒரே முன்னோர், பெரும்பாலும் ஒரே மொழி என்ற நினைவால் தங்களை ஒன்றாக நினைக்கிற மக்கள். மூன்றாவது, நிறவெறி, இனவெறி என்கிறோமே, அந்த இடத்தில் வருகிற 'இனம்'. தோல் நிறம், முடி, கண், மூக்கு ஆகியவற்றைப் பார்த்த மாத்திரத்தில் மற்றவர்கள் ஒருவரைத் தூக்கிப் போடுகிற பெட்டி அது.

மூன்றும் ஒன்றாகவே போகும் என்று நினைத்தால் சிக்கல். 1908ல் கசாட்டோ மாரு என்ற கப்பல் ஜப்பானியக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு பிரேசிலின் சான்டோஸ் துறைமுகத்துக்கு வந்தது. காப்பித் தோட்டங்களில் வேலை பார்க்க வந்தவர்கள். இன்று ஜப்பானுக்கு வெளியே ஜப்பானிய வம்சாவளியினர் மிக அதிகமாக வாழும் நாடு பிரேசில்தான். 1990ல் ஜப்பான் தன் குடியேற்றச் சட்டத்தைத் திருத்தி, அந்த வம்சாவளியினர் வந்து வேலை பார்க்க வழி செய்தது. பேரன் பேத்திகள் ஆயிரக்கணக்கில் ஹமமாட்சு போன்ற தொழில் நகரங்களுக்குப் போனார்கள். பெயர் ஜப்பானியப் பெயர், முகம் ஜப்பானிய முகம், வாயைத் திறந்தால் போர்ச்சுகீஸ் மொழி. பிறந்த நாட்டில் அவர்களை 'ஜப்பானியர்' என்றே அழைத்திருந்தார்கள். தாத்தாவின் நாட்டுக்கு வந்ததும் அவர்கள் 'பிரேசில்காரர்கள்' ஆனார்கள். முகத்தைப் பார்த்துப் பண்பாட்டைச் சொல்லிவிடலாம் என்று யாராவது சொன்னால் எனக்கு நினைவுக்கு வருவது ஹமமாட்சுதான்.

சரி, உயிரியல் என்ன சொல்கிறது? உலகத்தில் எந்த இரண்டு பேரை எடுத்தாலும் அவர்களுடைய மரபணு வரிசையில் ஏறத்தாழ 99.9 சதவீதம் ஒன்றுதான். மீதியுள்ள சிறு வேறுபாட்டை 1972ல் ரிச்சர்ட் லெவோன்டின் என்ற மரபியலாளர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அதில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருந்தது. 'இனங்கள்' என்று சொல்லப்படுபவற்றுக்கு இடையே இருந்தது மிகச் சிறிய பங்கு. அதாவது, ஒரே தெருவில் வசிக்கும் இரண்டு பேருக்குள்ளேயே மனிதகுலத்தின் வேறுபாட்டில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

தோல் நிறம் பெரும்பாலும் வெயிலின் கதை. புற ஊதாக் கதிர் கடுமையாக விழும் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களுக்கு மெலனின் என்ற தோல் நிறமி அதிகம். வெயில் குறைந்த பகுதிகளில் வைட்டமின் டி உருவாக வெளிர் தோல் உதவியது. ஆகவே ஆப்பிரிக்காவிலும் மெலனீசியத் தீவுகளிலும் ஆஸ்திரேலியப் பழங்குடிகளிடமும் ஒரே மாதிரிக் கறுப்பு நிறத்தைப் பார்த்துவிட்டு நெருங்கிய உறவு என்று முடிவுகட்ட முடியாது. பசிபிக் கடலில் உள்ள சாலமன் தீவுகளில் கருந்தோலும் பொன்னிறத் தலைமுடியுமாகக் குழந்தைகள் ஓடித் திரிவார்கள். ஐரோப்பியக் கலப்பு, வெயில், கடல் உப்பு என்று பலரும் பல காரணம் சொல்லிவந்தார்கள். 2012ல் வெளியான ஆய்வு, அது அந்தத் தீவுகளுக்கே உரிய தனியான மரபணு மாற்றம், ஐரோப்பியப் பொன்முடிக்கும் இதற்கும் தொடர்பில்லை என்று காட்டியது.

அப்படியென்றால் இனம் என்பது பொய்யா என்று கேட்கத் தோன்றும். நாட்டு எல்லையும்தான் மண்ணில் கோடாகக் கிடப்பதில்லை. ஆனாலும் அங்கே ஒருவர் துப்பாக்கியோடு நிற்கிறார், நம்மை உள்ளே விடுவதும் விடாததும் அவர் கையில். இனமும் அந்த வகை. மனிதர்கள் போட்ட கோடு. அதன் விளைவு மட்டும் முழுக்க உண்மை.

எல்லையைத் தாண்டினால் பெட்டி மாறும்

மனிதர்கள் போட்ட கோடு என்பதால்தான் நாட்டுக்கு நாடு, காலத்துக்குக் காலம் அது நகர்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 1920, 1930, 1940 ஆகிய மூன்று கணக்கெடுப்புகளில் 'இந்து' என்பது ஓர் இனத்தின் பெயர். சீக்கியரும் முஸ்லிமும்கூட அந்தக் கட்டத்துக்குள்தான் போனார்கள். 1923ல் பகத் சிங் திந்த் என்ற சீக்கியர் குடியுரிமை கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். சட்டம் சொல்லும் 'வெள்ளையர்' என்ற சொல்லுக்குள் அவர் வரமாட்டார் என்று தீர்ப்பாயிற்று. அதே நாட்டில் 1970 கணக்கெடுப்பு, இந்திய வம்சாவளியினரை வெள்ளையர் கணக்கில் சேர்த்தது. 1980ல் அவர்கள் ஆசியர். 1935ல் அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்த ஒருவர் வீட்டைவிட்டு நகராமலே 'இந்து'வாக இருந்து, வெள்ளையராகி, ஆசியராகியிருப்பார்.

தென்னாப்பிரிக்காவில் இது விளையாட்டில்லை. 1950ல் வந்த மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவருக்கும் ஓர் இனத்தை எழுதிவைத்தது. எங்கே குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்பதெல்லாம் அந்த ஒரு பதிவைப் பொறுத்தது. அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் தலைமுடிக்குள் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். விழாமல் நின்றால் ஒரு முடிவு, நழுவி விழுந்தால் வேறு முடிவு. ஆனால் 1960களில் ஜப்பானோடு வணிகம் பெருகியதும் அங்கே வந்த ஜப்பானியருக்குக் 'கௌரவ வெள்ளையர்' என்ற தகுதி கிடைத்தது. அதே ஊரில் பல தலைமுறையாக இருந்த சீனர்களுக்கு அது இல்லை. இரும்பு விற்க வேண்டியிருந்தால் அறிவியல்கூட வளைந்து கொடுக்கும் போல. அந்தச் சட்டம் நீக்கப்பட்டது 1991ல்தான்.

பிரேசில் கணக்கெடுப்பில் ஐந்து கட்டங்கள் இருக்கின்றன; தன் நிறம் என்ன என்று அவரவரே சொல்லலாம். 2022ல் அதிகம் பேர் தேர்ந்தெடுத்தது 'பார்டா', கலப்பு நிறத்தவர் என்ற கட்டம். பிரான்ஸ் அரசின் கணக்கெடுப்பு இனத்தைக் கேட்பதே இல்லை. சிங்கப்பூரில் அடையாள அட்டையிலேயே இனம் அச்சாகியிருக்கும். அரசு அடுக்குமாடிக் குடியிருப்புகளில் எந்த இனத்தவர் எத்தனை பங்கு இருக்கலாம் என்று 1989 முதல் வரம்பும் உண்டு.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பயணி ஒருவர் தரையிறங்கியதும் அந்த நாடு ஏற்கெனவே செய்துவைத்திருக்கும் பெட்டிகளில் ஒன்றில்தான் போய் விழுகிறார். அவர் தன்னை என்னவாக நினைக்கிறார் என்பதை யாரும் கேட்பதில்லை. ஒரு நாட்டில் பெரும்பான்மையோடு கலந்து போகிற முகம், பக்கத்து நாட்டில் தனித்துத் தெரியும். ஒரு நாட்டில் வேலைக்கு வந்த கூலியாள் என்று நினைப்பார்கள், இன்னொரு நாட்டில் மருத்துவர் என்று நினைப்பார்கள். இரண்டுமே நம்மைப் பற்றிய தகவல் இல்லை. அந்த நாட்டுக்கு நமக்கு முன்னால் யார், எதற்காக வந்தார்கள் என்பதன் வரலாறு. போகுமிடத்தின் இந்த வரலாற்றை இரண்டு மணி நேரம் படித்துவிட்டுப் போனால், பத்து நாள் புரியாமல் திண்டாடுவது குறையும்.

பார்க்கிற கண்கள்

வெளியாளுக்கு எல்லா ஊரிலும் ஒரு பெயர் தயாராக இருக்கிறது. சீனாவில் லாவ்வாய், ஜப்பானில் கைஜின், கிழக்கு ஆப்பிரிக்காவில் ம்சுங்கு. இந்த ம்சுங்குவின் வேர்ச்சொல்லுக்குச் சுற்றித் திரிவது என்று பொருள். பெரும்பாலும் வெள்ளையரைக் குறிக்கும். பொருத்தமான பெயர்தான், காரணமில்லாமல் ஊர் சுற்றுகிறவர்கள்தானே நாமும். தாய்லாந்தில் ஃபராங். இதைக் கேட்டதும் தமிழ்க் காது விழித்துக்கொள்ளும். நம் 'பரங்கி'யும் அதுவும் ஒரே சொல். ஐரோப்பாவின் ஃபிராங்க் மக்களின் பெயர் பாரசீகம் வழியாகக் கிழக்கே நடந்துவந்து இப்படி ஊருக்கு ஊர் தங்கிவிட்டது.

தெருவில் குழந்தைகள் இந்தப் பெயரைச் சொல்லிக் கூவும்போது வசவு என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. உற்றுப் பார்ப்பதும் அப்படித்தான். சில ஊர்களில் அந்நியரை நேராகப் பார்ப்பது சாதாரணம், சில ஊர்களில் அது அடிக்கு அழைப்பு. ஆனால் அனுமதி கேட்காமல் தலைமுடியைத் தொடுவது, தோலைத் தேய்த்துப் பார்ப்பது, கூப்பிட்டு நிறுத்திப் படம் எடுப்பது என்று போனால், பொறுத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் பயணிக்கு இல்லை. கையை மெதுவாக விலக்கிவிட்டு, சிரித்தபடியே 'வேண்டாம்' என்று சொல்லலாம். சிரிக்காமலும் சொல்லலாம். இதையே திருப்பிப் போட்டுப் பார்த்தால், நாம் கேமராவை நீட்டுகிற கிழவிக்கும் சந்தைக்காரருக்கும் அந்த உரிமை உண்டு.

இன்னொரு பொறி, முகங்கள். 'இவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கிறார்கள்' என்று முதல் வாரம் தோன்றாதவர் குறைவு. உளவியலில் இது 1969 முதல் சோதித்துப் பார்க்கப்பட்டு வரும் விஷயம். சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய வகை முகங்களை மூளை நன்றாகப் பிரித்தறியும், பழகாதவற்றில் தடுமாறும். எல்லா மக்களுக்கும் இது நடக்கிறது. அவர்களுக்கும் நாம் எல்லாரும் ஒரே மாதிரிதான். பழகப் பழகக் குறைந்துவிடும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் ஒருவரை இன்னொருவர் என்று நினைத்துப் பெயர் மாற்றிக் கூப்பிட்டுவிட்டால், காரணம் சொல்லிக்கொண்டிருக்காமல் மன்னிப்புக் கேட்பது நல்லது. அவருக்கு அது நூறாவது முறையாக இருக்கலாம்.

இப்போது கொஞ்சம் சங்கடமான பகுதி. ஒருமுறை புறநகர் ரயிலில் போய்க்கொண்டிருந்தேன். நல்ல உயரமான கறுப்பின இளைஞர் ஒருவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் கை தானாகவே மடியில் இருந்த பையின் வாரைப் பிடித்து இறுக்கியது. நான் யோசித்துச் செய்யவில்லை, கைதான் செய்தது. அவர் என் கையைப் பார்த்தார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, இறங்கும் வரை அப்படியே இருந்தார். அதே வாரம், அதே நகரத்தில், ஒரு கடைக்குள் நான் ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் போகப் போகக் காவலாளி ஒருவர் பத்தடி தள்ளிப் பின்னாலேயே வந்தார். நான் நின்றால் அவர் நின்றார். ஷாம்பு புட்டியைக் கையில் எடுத்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று அவருக்குத் தெரியும்படி உயர்த்திப் பிடித்துக்கொண்டே கல்லாவுக்கு நடந்தேன். பணம் கட்டும்போதுதான் அந்த ரயில் இளைஞரின் முகம் நினைவுக்கு வந்தது.

ஆக, வெளிநாட்டில் நாம் பாகுபாட்டைச் சந்திக்கவும் செய்வோம், அறியாமல் செய்யவும் செய்வோம். நாம் ஓரிடத்தில் காயப்பட்டதால் மட்டும் இன்னோரிடத்தில் சுத்தமானவர்கள் ஆகிவிடுவதில்லை. நம்மிடம் ஏற்கெனவே உள்ள நிறம் பற்றிய எண்ணங்கள் பெட்டியோடு பெட்டியாக விமானம் ஏறி வருகின்றன; சுங்கத்தில் யாரும் அதைத் திறந்து பார்ப்பதில்லை.

நடந்தது பாகுபாடா, வெறும் பழக்க வேறுபாடா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உறுதியான சூத்திரம் கிடையாது. நான் செய்வது ஒன்றுண்டு. அதே இடத்தில் மற்றவர்களிடம் அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று ஐந்து நிமிடம் பார்ப்பேன். எல்லாரிடமும் முகம் கொடுத்துப் பேசாத கடைக்காரர் என்றால் அது அவர் சுபாவம், அல்லது ஊர் வழக்கம். எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்களிடம் சிரித்துவிட்டு என்னிடம் மட்டும் முகத்தைத் திருப்பினால் அது வேறு. பிந்தையதைப் 'பண்பாட்டு வேறுபாடு' என்று பெரிய மனதோடு மன்னிக்க வேண்டியதில்லை. முடிந்தால் முறையிடலாம், முடியாவிட்டால் வெளியேறலாம். இரவு நேரம், தனி இடம் என்றால் வாதம் வேண்டாம், முதலில் கிளம்ப வேண்டும்.

போவதற்கு முன் விசாரித்துக்கொள்வதும் கோழைத்தனம் இல்லை. அமெரிக்காவில் நிறப் பாகுபாடு சட்டமாகவே இருந்த காலத்தில், நியூயார்க்கில் வசித்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936ல் கறுப்பினப் பயணிகளுக்காக ஒரு கையேட்டை வெளியிடத் தொடங்கினார். எந்த ஊரில் எந்த விடுதி இடம் கொடுக்கும், எங்கே பெட்ரோல் போடலாம், எங்கே முடி வெட்டிக்கொள்ளலாம் என்ற பட்டியல்தான் அதில் இருந்தது. 1960களின் நடுப்பகுதி வரை அது வந்தது. அந்தத் தேவை முழுக்க ஒழிந்துவிட்டதாகச் சொல்ல மாட்டேன். அது இப்போது தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்கிற கேள்வியாக மாறியிருக்கிறது. நம்மைப் போன்ற தோற்றமுள்ள ஒருவர் அங்கே போய்வந்திருந்தால், அவர் சொல்லும் தகவல் எந்த விளம்பரக் கையேட்டையும்விட மேல்.

கண்ணுக்குத் தெரியாதவை

எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1950களின் தொடக்கத்தில் வெளிநாடு போகும் அரசு அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்துவந்தார். மொழி கற்றுக்கொண்டு போனவர்களும் அங்கே சொதப்புவதைப் பார்த்து, சொல்லில் வராத மொழி ஒன்று இருக்கிறது என்று எழுதத் தொடங்கினார். அவர் அளந்தவற்றில் ஒன்று இடைவெளி. அவர் பார்த்த அமெரிக்க நடுத்தர வர்க்கத்தில் சுமார் 45 சென்டிமீட்டருக்குள் நெருக்கமானவர்களுக்கே இடம், 1.2 மீட்டர் வரை நண்பர்களுக்கு. அதற்கு வெளியேதான் மற்றவர்கள். இந்தக் கோடு ஊருக்கு ஊர் மாறும். நெருங்கி நின்று பேசும் ஊர்க்காரர் ஒரு அடி முன்னால் வர, தள்ளி நின்று பழகியவர் ஒரு அடி பின்னால் போக, ஒரு விருந்தில் இரண்டு பேர் அறையின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை பேசிக்கொண்டே போய்ச் சுவரில் முட்டியதைப் பார்த்திருக்கிறேன். 'மேலே விழுகிறான்' என்று ஒருவருக்கும் 'ஒட்ட மாட்டேன் என்கிறான்' என்று மற்றவருக்கும் தோன்றியிருக்கும். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

மௌனமும் அப்படி ஓர் இடைவெளிதான். கேள்வி முடிந்து பதில் தொடங்குவதற்குள் எவ்வளவு நேரம் ஆகிறது என்று பத்து மொழிகளில் அளந்து 2009ல் ஓர் ஆய்வு வந்தது. சராசரி சுமார் 0.2 வினாடி. ஜப்பானிய மொழியில் கிட்டத்தட்ட இடைவெளியே இல்லை, டேனிஷ் மொழியில் அரை வினாடியை நெருங்கியது. வெறும் அரை வினாடிக்குள் அடங்குகிற வேறுபாடு. ஆனால் காது அதை 'யோசிக்கிறார், விருப்பமில்லை போல' என்றோ 'பேசவிட மாட்டேன் என்கிறார்' என்றோ படித்துவிடுகிறது. வேறு மொழிக்காரர் ஒருவரோடு பேசும்போது காரணம் தெரியாமல் எரிச்சல் வந்தால், பேச்சின் பொருளை விட்டுவிட்டு இந்த இடைவெளியைக் கவனித்துப் பாருங்கள்.

சில வழக்கங்களுக்குப் பின்னால் சட்டமே இருக்கும். அமெரிக்க உணவகத்தில் டிப்ஸ் வைக்காமல் எழுந்தால் பரிமாறியவர் முகம் ஏன் அப்படிச் சுருங்குகிறது? டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலி, கூட்டாட்சிச் சட்டப்படி 1991 முதல் மணிக்கு 2.13 டாலர்தான். பல மாநிலங்கள் கூடுதலாக வைத்திருக்கின்றன என்றாலும், மீதி மேஜையிலிருந்து வரவேண்டும் என்பதுதான் ஏற்பாடு. அதே பழக்கத்தோடு ஜப்பானில் மேஜையில் பணத்தை விட்டுவிட்டு வந்தால், நீங்கள் மறந்துவிட்டதாக நினைத்துப் பரிமாறியவர் தெருவரை ஓடிவந்து திருப்பிக் கொடுப்பார்.

ஒரு எச்சரிக்கை. இப்படிப் படித்த சராசரிகளை வைத்துக்கொண்டு எதிரே நிற்கும் ஆளை அளக்கக் கூடாது. டென்மார்க்கிலும் வாயாடிகள் உண்டு. அதோடு 'அந்த நாட்டுக்காரர்' என்பதே குழப்பமான சொல்லாகிவிட்டது. டொரண்டோ நகரில் வசிப்பவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் கனடாவுக்கு வெளியே பிறந்தவர்கள். அங்கே போய் 'உண்மையான கனடாக்காரரை'ப் பார்க்க வேண்டும் என்று தேடினால் யாரைத் தேடுவீர்கள்?

தேனிலவும் அதற்குப் பிறகும்

பண்பாட்டு அதிர்ச்சி என்ற சொல் புழக்கத்துக்கு வந்தது 1950களில். கலர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1954ல் ரியோ டி ஜெனிரோவில் பெண்கள் சங்கம் ஒன்றில் இதைப் பற்றிப் பேசினார். முதலில் எல்லாமே அழகாகத் தெரியும் தேனிலவு. அப்புறம் எதைப் பார்த்தாலும் கோபம் வரும் காலம். பிறகு மெல்ல மீள்வது, கடைசியில் பழகிப் போவது. 1955ல் நார்வேக்காரரான லிஸ்கார்ட், அமெரிக்காவில் இருந்துவிட்டுத் திரும்பிய தன் நாட்டவர் 200 பேரை விசாரித்து எழுதினார். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தவர்களும் நன்றாக இருந்தார்கள். நடுவில் இருந்தவர்கள்தான் தவித்தார்கள். எல்லாருக்கும் இந்தப் படி மாறாமல் நடக்கும் என்றில்லை. பலருக்கு முதல் நாளே கோபக் காலம் தொடங்கிவிடும்.

இதை வைத்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பத்து நாள் பயணம் போய்வந்தவர் 'அங்கே மக்கள் தங்கமானவர்கள்' என்றாலும் சரி, 'மோசமானவர்கள்' என்றாலும் சரி, நான் தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன், பல்கேரிய முறைப்படியா நம் முறைப்படியா என்று சொல்ல மாட்டேன். தேனிலவில் இருப்பவரிடம் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டால் எப்படி?

அதிர்ச்சி பெரும்பாலும் பெரிய விஷயத்தில் வராது. குழாயை எந்தப் பக்கம் திருப்புவது, வரிசை எங்கே தொடங்குகிறது, வீட்டுக்குள் செருப்போடு போகலாமா என்று நாளுக்கு நூறு சின்னத் தீர்மானம் எடுக்க வேண்டியிருக்கிறது. சொந்த ஊரில் இவற்றுக்கு மூளையைச் செலவழிப்பதே இல்லை. சாயங்காலத்துக்குள் களைத்துப்போய், 'இந்த நாட்டுக்காரர்களே இப்படித்தான்' என்று ஒரு வாக்கியம் மனதில் எழும். அந்த வாக்கியம் வந்தால் தூங்கப் போய்விட வேண்டும் என்பது என் அனுபவம். திரும்பி வந்தபின் சொந்த ஊரே கொஞ்ச நாள் விசித்திரமாகத் தெரிவதும் இதன் மறுபக்கம்தான்.

பயணம் போனால் மனம் விரியுமா?

தானாக விரியாது. 1954ல் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர், வெவ்வேறு குழுவினர் சந்தித்துக்கொண்டால் வெறுப்பு எப்போது குறையும் என்று யோசித்துச் சில நிபந்தனைகள் சொன்னார். இருவரும் சமநிலையில் இருக்க வேண்டும். இருவருக்கும் பொதுவான ஓர் இலக்கு வேண்டும். அதற்காக ஒத்துழைக்க வேண்டும். சட்டமோ வழக்கமோ அந்தச் சந்திப்புக்கு ஆதரவாக நிற்க வேண்டும். இப்போது ஒரு சுற்றுலாப் பயணி சாதாரணமாகச் சந்திக்கிற ஆட்களை எண்ணிப் பாருங்கள். அறையைச் சுத்தம் செய்கிறவர், டாக்ஸி ஓட்டுகிறவர், பரிமாறுகிறவர், விற்கிறவர். ஒருவர் பணம் கொடுக்கிறவர், மற்றவர் வாங்குகிறவர். சமநிலையும் இல்லை, பொது இலக்கும் இல்லை. இருபது நாடு சுற்றிவிட்டு, போனபோது இருந்த அதே எண்ணங்களோடு ஒருவர் திரும்புவது இப்படித்தான் சாத்தியமாகிறது.

அதனால் முதல் பயணம் போகிறவர்களுக்கு நான் சொல்வது கொஞ்சம்தான். ஊர்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு ஓர் ஊரில் அதிக நாள் இருங்கள். ஒரே இடத்துக்கு மூன்று நாள் தொடர்ந்து போங்கள். முதல் நாள் நாம் வேடிக்கைப் பொருள், மூன்றாம் நாள் 'நேற்று வந்த ஆள்'. அந்த ஊர் மொழியில் வணக்கம், நன்றி, மன்னிக்கவும், எவ்வளவு, தெரியாது ஆகிய ஐந்தையும் சரியான உச்சரிப்போடு பழகிக்கொள்ளுங்கள். 'ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?' என்று கேட்டால் விசாரணை மாதிரி இருக்கும். 'இதை எப்படிச் செய்வது, காட்டுங்கள்' என்றால் யாரும் மறுப்பதில்லை. அப்புறம், எதிராளியோடு சேர்ந்து செய்ய ஏதாவது ஒரு வேலை கிடைத்தால் விடாதீர்கள். பூங்காவில் பந்து விளையாட ஆள் குறையும், பெட்டியைப் படியில் தூக்க ஒருவர் திணறுவார்.

லிஸ்பனில் நான் தங்கிய விடுதிக்குப் பக்கத்தில், நாமே காசு போட்டுத் துவைத்துக்கொள்ளும் சலவைக்கடை இருந்தது. ஒரு மழை நாள் மாலை அங்கே என்னையும் ஓர் அம்மாவையும் தவிர யாருமில்லை. ஐம்பது வயது இருக்கும். எந்த நாட்டுக்காரர் என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர் பேசியது போர்ச்சுகீஸ் இல்லை என்பது மட்டும் தெரிந்தது. உலர்த்தியிலிருந்து பெரிய படுக்கை விரிப்பை உருவியெடுத்துத் தனியாக மடிக்கப் பார்த்தார், முனை தரையில் பட்டது. என்னைப் பார்த்தார். நான் போய் மறுமுனையைப் பிடித்தேன். அவர் கையை இடப்பக்கம் திருப்ப நான் வலப்பக்கம் திருப்ப, விரிப்பு கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டது. அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். நானும் தமிழில் ஏதோ சொன்னேன். பிரித்து, உதறி, மறுபடி பிடித்தோம். இந்த முறை அவர் என் கைகளைப் பார்த்தார், நான் அவர் கைகளைப் பார்த்தேன். நான்காக மடிந்ததும் அவர் நடந்து வந்து என் முனைகளை வாங்கிக்கொண்டு, கூடையிலிருந்து அடுத்த விரிப்பை எடுத்து நீட்டினார். அதில் முறுக்கு விழவில்லை.